நிறையாத குழி

குளியலறையின் வடிகால் துளையிலிருந்து வந்த வாடை வெறும் நாற்றமாக இருந்திருந்தால், ஹிக்மத் அன்று காலை இரண்டாவது முறை குனிந்து பார்த்திருக்க மாட்டார். சோப்பு நுரையின் புளிப்போ, மழைக்காலத்தில் எல்லா வீட்டுக் குழாய்களிலும் மேலேறி வரும் அழுகிய முட்டை நெடியோ அதில் இல்லை. சுத்தமான வாடை. வெயில் ஒருமுறைகூடத் தொடாத பாறையைப் பிளந்ததும், பிளந்த முகத்திலிருந்து எழும் குளிர்ந்த சுண்ணாம்பின் ஈரம். வாழ்நாளில் ஒரே ஒரு நாள்தான் அதை அவர் முகர்ந்திருந்தார். ஒன்பது வருடங்களுக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம்.

ஒரு வாளி வெந்நீரை ஊற்றினார். தண்ணீர் சத்தமில்லாமல் இறங்கியது. துளையின் மேல் துணி துவைக்கும் பிளாஸ்டிக் தொட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்தார்.

வெளியே அஜ்லூன் மலை முழுவதையும் மூன்று நாளாக மூடுபனி விழுங்கியிருந்தது. மதிலுக்கு அப்பால் இருந்த ஆலிவ் மரங்கள் இல்லை, சாலை இல்லை. பள்ளிவாசலின் பாங்கு மட்டும் மினாரா இல்லாத வெறும் குரலாக எங்கிருந்தோ வந்து போனது. வீட்டின் பின்னால், இலையுதிர்ந்த திராட்சைப் பந்தலின் கீழே, கழிவுக்குழியை மூடியிருந்த கான்கிரீட் பலகை ஈரத்தில் கறுத்துக் கிடந்தது. பள்ளிக்கூடத்துக்குக் குளிர்கால விடுமுறை. அங்கே எழுத்தராக இருந்த ஹிக்மத்துக்கு வீட்டை விட்டுப் போக எந்தக் காரணமும் இல்லை.

பத்து மணிக்கு நகராட்சியிலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் ரவான். சுகாதாரப் பொறியாளர். ரப்பர் பூட்ஸ், தோளில் ஒரு பை. உள்ளே வந்ததும் மண்ணெண்ணெய் அடுப்பின் மேல் கைகளை நீட்டிக்கொண்டே பேசினாள்.

"அபூ கைஸ், தப்பா எடுத்துக்காதீங்க, ஊர்ல எல்லா வீட்டுக்கும்தான் போறேன். ஊத்துத் தண்ணியில கிருமின்னு ரெண்டு தடவை சோதனையில வந்திருச்சு. ஊத்துக்கு மேல இருக்கிற வீட்டுக் குழி ஒண்ணு விடாம பார்க்கணும்னு புது விதி."

மூத்த மகன் கைஸ் துபாய்க்குப் போய் நாலு வருடமாகியும் ஊர் அவரை அபூ கைஸ், அதாவது கைஸின் அப்பா, என்றுதான் கூப்பிட்டது. அவர் தலையை ஆட்டினார். அவள் தாளைப் பிரித்து வாசித்தாள். மழைநீர்த் தொட்டிக்கும் கழிவுக்குழிக்கும் நடுவே பதினைந்து மீட்டர் இருக்க வேண்டும். குழியின் சுவர் ஒழுகாமல் சிமென்டு பூசியிருக்க வேண்டும். மேலே ஆள் இறங்கும் அளவு இரும்பு மூடி வேண்டும். வருடத்துக்கு ஒருமுறையாவது லாரி வந்து உறிஞ்சியதற்கு ரசீது காட்ட வேண்டும்.

"கடைசியா எப்ப லாரி கூப்பிட்டீங்க?"

அவர் வாயைத் திறப்பதற்குள் அவருடைய மனைவி இன்ஸாஃப் தேநீர்த் தட்டோடு வந்துவிட்டாள். "லாரியா? நம்ம வீட்டு வாசலுக்கு லாரியே வந்தது கிடையாதும்மா. பக்கத்து வீட்டுக்காரி வருஷத்துல மூணு தடவை மூக்கைப் பொத்திக்கிட்டு நிக்கிறா. எங்களுது பரக்கத்தான குழி, ஆண்டவன் அருள், நிறையவே நிறையாது."

ரவான் சிரித்துவிட்டாள். "நிறையாத குழின்னா பரக்கத் இல்லம்மா, ஓட்டை. உங்க வீட்டுல இருந்து போறதை கீழ யாரோ குடிச்சிக்கிட்டு இருக்காங்க."

ஹிக்மத் கையிலிருந்த கண்ணாடிக் குவளையைக் கீழே வைத்தார். சூடு தாங்கவில்லை என்பதுபோல் விரல்களைத் தேய்த்துக்கொண்டார்.

"மூடி எந்தப் பக்கம்?"

"மூடி விடலை. ஒரே பலகையா வார்த்துட்டேன்."

"இறங்குற வாயே இல்லாமலா? எந்தப் புண்ணியவான் கட்டினான்?"

"ஒரு எகிப்துக்காரன். பேரு ஞாபகம் இல்லை."

"ஷஹாத்தாங்க!" என்றாள் இன்ஸாஃப். "அதுக்குள்ள மறந்துட்டீங்களா? பருப்புக் கஞ்சியை மூணு தட்டு வாங்கிக் குடிச்சிட்டு, எங்க ஊரு ஃபய்யூம்ல என் அம்மா வைக்கிற மாதிரியே இருக்குன்னு சொல்லுவாரே. கடைசி நாள் ஒரு வார்த்தை சொல்லிக்காம துறைமுக வேலைக்குன்னு அகபாவுக்குப் போயிட்டாரு. அதுதான் மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு."

ரவான் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். செங்கல் நிறப் பொடி. கழிப்பறைக் கோப்பையில் கொட்டித் தண்ணீரைத் திறந்ததும் அது பச்சையானது. இலையிலும் பாசியிலும் பார்க்கிற பச்சை இல்லை. விளக்கு எரிவதுபோல் உள்ளிருந்து ஒளிர்கிற பச்சை. சுழன்று, வாய் போலச் சுருங்கி, உள்ளே போனது.

"இந்தச் சாயம் ஊத்துல தெரிஞ்சா உங்க குழி ஒழுகுதுன்னு அர்த்தம். தெரிஞ்சாலும் தெரியாட்டியும் வியாழக்கிழமை லாரியோட வருவேன். பலகையை எடுத்துத்தான் ஆகணும், அபூ கைஸ்."

அது ஞாயிற்றுக்கிழமை.

திங்களும் செவ்வாயும் அவர் மூடுபனிக்குள் தடவித் தடவி ஊற்றுக்கு இறங்கிப் போனார். பாறைக்கடியிலிருந்து தண்ணீர் கண்ணீர் போலத் தெளிவாக வந்துகொண்டிருந்தது. செவ்வாய் மத்தியானம் ரவான் தொலைபேசியில் பேசினாள். மேல்தெருவின் மற்ற வீடுகளில் போன வாரம் போட்ட சாயமெல்லாம் ஒரே நாளில் ஊற்றில் வந்துவிட்டதாம். "உங்க வீட்டுச் சாயம்தான் வரலை. எங்கயோ தங்கியிருக்கு."

தங்கியிருக்கு. அந்தச் சொல்லோடு அவர் சமையலறை ஜன்னலருகே நின்றார். இன்ஸாஃப் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள். ஓடுகளிலிருந்து பனி சொட்டியது; அடுப்புத் திரி படபடத்தது; அப்புறம், இந்தச் சத்தங்களுக்கெல்லாம் அடியில், இவ்வளவு நேரமும் இருந்து இப்போதுதான் காதில் விழுந்ததுபோல, இன்னொரு சத்தம். தட்டுவது இல்லை. தேய்ப்பது. சொரசொரப்பான சுவரில் ஈர உள்ளங்கையை வைத்து மெதுவாக இழுத்து, நிறுத்தி, மறுபடி அதே இடத்தில் வைத்து இழுப்பதுபோல, அவசரமே இல்லாத, வேலையாள் வேலை செய்கிற சத்தம். பந்தலின் கீழிருந்து வந்தது. பலகையின் அடியிலிருந்து.

தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்தார். குளியலறைக்குப் போனபோது, கவிழ்த்து வைத்திருந்த தொட்டி துளையை விட்டு ஒரு சாண் தள்ளி இருந்தது.

புதன்கிழமை காலை இன்ஸாஃபின் குரல்தான் அவரை எழுப்பியது. "என்னங்க, அந்தப் பொண்ணு கொட்டினதை மிதிச்சிட்டு வந்தீங்களா? தரையெல்லாம் பச்சை!"

அவர் போய்ப் பார்த்தார். வடிகால் துளையின் விளிம்பிலிருந்து நாலு கோடுகள், ஒன்றுக்கொன்று நெருக்கமாக, வெள்ளை ஓட்டின் மேல் வெளியே இழுபட்டிருந்தன. சற்றுத் தள்ளி ஐந்தாவது, குட்டையாக. இன்ஸாஃப் குந்தி உட்கார்ந்து ஈரத்துணியால் துடைத்தாள். துணியைப் பிழிந்தாள். மறுபடி துடைத்தாள்.

"போகவே மாட்டேங்குது பாருங்க," என்றாள்.

அன்று பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு கீழ்த்தெருவில் ஒரு மரண வீடு. இன்ஸாஃப் கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அவர் வாசல்வரை வந்து, தானும் வருவதாகச் சொன்னார். "ஆம்பிளைங்களுக்கு நாளைக்குத்தான்," என்று சொல்லிவிட்டு அவள் மூடுபனிக்குள் போனாள். நாலு எட்டில் காணாமல் போனாள்.

வீடு காலியாக இருந்தது. மாலை வெளிச்சம் பால் போலக் கூடத்தில் நின்றது. குளியலறைக் கதவு சாத்தித்தான் இருந்தது.

"ஹாஜி."

வெகு தூரத்திலிருந்து. ஆனால் தெளிவாக. குழாய்க்குள் பேசுகிற குரலுக்கு இருக்கும் அந்த வட்டமான முழக்கத்தோடு.

"ஹாஜி, கார் போயிடுச்சா?"

அவர் ஹஜ்ஜுக்குப் போனதே இல்லை. அவரை ஹாஜி என்று கூப்பிட்டது உலகத்தில் ஒரே ஒருவன்தான்.

வேலை அனுமதிச் சீட்டு இல்லாதவன் ஷஹாத்தா. குழி தோண்ட ஹிக்மத்திடமும் அனுமதி இல்லை. ஊற்றுக்கு மேலே ஆழமான குழி கூடாது என்பது அப்போதே இருந்த விதி. மூன்று மீட்டரில் நிறுத்தி, சிமென்டு பூசி, வருடாவருடம் லாரியின் பின்னால் அலைய வேண்டும். ஹிக்மத்துக்கு அது வேண்டாம். பாறையில் வெடிப்பு வரும்வரை போ என்றார். வெடிப்பு கிடைத்துவிட்டால் எல்லாம் தானே போய்விடும். நகராட்சிக்கு விடுமுறையான வெள்ளிக்கிழமைகளாகப் பார்த்துத் தோண்டினார்கள். ஏழாவது மீட்டரில் ஷஹாத்தா கீழிருந்து கத்தினான்: "கிடைச்சிடுச்சு ஹாஜி! குளிர்காத்து வருது!" அந்த வாடை மேலே வந்தது. அதே நேரத்தில், விடுமுறை நாளென்றும் பாராமல், சாலைத் திருப்பத்தில் நகராட்சியின் வெள்ளைக் கார்.

"சத்தம் போடாதே. கார் போற வரைக்கும் சும்மா இரு," என்று கீழே சொல்லிவிட்டு, குழியின் வாயில் பலகைகளை அடுக்கி, தார்ப்பாயை இழுத்து, அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். கார் வாசலில் நின்றது. வந்தவர் கதை பேசினார். கைஸின் படிப்பைப் பற்றிக் கேட்டார். தேநீர் வேண்டுமென்றார். ஹிக்மத்தின் தொடைக்கடியில், குழிக்குள் தொங்கிய கயிறு அசைந்தது. பேசி வைத்த சைகை: இரண்டு இழுப்பென்றால் வாளியைத் தூக்கு. மூன்றென்றால் என்னைத் தூக்கு. மூன்று. அப்புறம் மூன்று. அப்புறம் கணக்கில்லாமல். வந்தவர் இரண்டாவது குவளையைக் குடித்து முடிப்பதற்கு முன்பே கயிறு நின்றுவிட்டது.

கார் போன பிறகு தார்ப்பாயை விலக்கினார். கயிற்றின் முனை வெறுமையாகத் தொங்கியது. கீழே யாரும் இல்லை. சுத்தியல் கிடந்தது. அடிப்பாறையில் ஒரு தோள் நுழையும் அளவுக்குக் கறுத்த வெடிப்பு. அதற்குள் ஏன் போனான்? போனானா, இழுத்துக்கொண்டதா? பெயரைச் சொல்லி மூன்று தடவை கூப்பிட்டார். மெல்லிய குரலில்தான் கூப்பிட்டார். பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாதே. ஊரில் சொன்னால் வேலை போகும், வீட்டை இடிப்பார்கள், சிறை. சொல்லாவிட்டால், பெயர்ப் பதிவே இல்லாத ஓர் ஆளைத் தேடி யார் வருவார்கள்? மறுநாள் கம்பி கட்டி, கீழே காலி சிமென்டுப் பைகளைப் பரப்பி, தன் கையாலேயே கலவையைக் கொட்டினார். நடுவில் ஓரிடத்தில் கலவை மெல்ல மேலெழும்பி அடங்கியது. காற்றுக்குமிழி என்று நினைத்துக்கொண்டார். கரண்டியால் தடவிச் சமன்படுத்தினார்.

"ஹாஜி. கார்..."

ஹிக்மத் குளியலறைக்குள் போனார். முழங்காலிட்டார். துளையருகே வாயை வைத்தார். பாறையின் குளிர் உதட்டில் பட்டது.

"இன்னும் போகலை," என்றார். "சும்மா இரு."

கீழே ஒரு மூச்சு உள்ளிழுக்கப்பட்டது. அப்புறம் அமைதி.

முழு அமைதி. இரவு முழுக்க ஒரு சத்தமும் இல்லை. நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் அவரைத் தூங்கவிடவில்லை.

வியாழக்கிழமை லாரி வந்தது. மூடுபனிக்குள்ளிருந்து முதலில் அதன் இரைச்சல், அப்புறம் மஞ்சள் நெற்றி. ஓட்டுநர் அபூ ஷாகிர் குதித்து இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"ஒன்பது வருஷமா என் பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டீங்களே அபூ கைஸ்! நீங்க சாப்பிடுறீங்களா இல்லையான்னே எனக்குச் சந்தேகம்!"

"பனியா இருக்கு," என்றார் ஹிக்மத். "ஞாயித்துக்கிழமை பார்க்கலாமே."

"குழிக்குள்ள பனியில்ல அபூ கைஸ்," என்றாள் ரவான். அவள் சிரிக்கவில்லை.

கொக்கி மாட்ட ஓட்டை போட வேண்டும். அபூ ஷாகிர் பலகையின் ஓரத்தில் துளைப்பானை வைத்தார். கான்கிரீட் அலறியது. ஓரம் ஒரு சாண் கனம். இரண்டாவது ஓட்டையை நடுப்பக்கம் வைத்தார். துளைப்பான் ஒரு நொடியில் உள்ளே புதைந்தது. அவர் நிலைதடுமாறிப் பிடித்துக்கொண்டார்.

"என்னய்யா இது? இந்த இடம் ரொட்டி கனம்கூட இல்லையே! இது மேலயா நடமாடிக்கிட்டு இருந்தீங்க?"

ஹிக்மத் பலகையை விட்டுத் தள்ளி நின்றார். இன்னும் தள்ளி.

சங்கிலி இறுகியது. பலகை முனகியது. ஒரு பக்கமாக, கதவுபோல, நிமிர்ந்தது. மதிலில் சாய்ந்து நின்றது.

அடிப்பக்கம் தெரிந்தது.

லாரியின் எஞ்சின் மட்டும் இரைந்தது.

நடுவில் இரண்டு உள்ளங்கைகள். ஈரக் கலவையில் பதிந்து இறுகிப்போனவை. பத்து விரல்களும் விரிந்திருந்தன. அவற்றைச் சுற்றி, அவற்றின் மேல், எல்லாப் பக்கமும், வேறு கைத்தடங்கள். பதிந்தவை அல்ல. தேய்ந்தவை. கான்கிரீட் காய்ந்த பிறகு, கல்லால்கூட அல்ல, வெறும் தோலால் தேய்த்துத் தேய்த்துக் குடைந்த பள்ளங்கள். படிக்கட்டு தேய்வதுபோல வழவழப்பாக. துருப்பிடிக்க வேண்டிய கம்பிகள் பளபளத்தன. வருடங்கள் எடுத்திருக்கும். ஒரு சாண் கனம் நடுவில் ரொட்டியாக மெலிந்திருந்தது.

பள்ளங்களில் பச்சை. ஈரமாக. ஞாயிற்றுக்கிழமை ஊற்றிய பச்சை.

ரவான் விளக்கைக் குழிக்குள் அடித்தாள். ஏழு மீட்டர். ஒன்பது வருடக் கழிவு விழுந்த குழி கழுவிவிட்டதுபோல இருந்தது. வெள்ளைப் பாறைச் சுவர். காய்ந்த தரை. ஓரத்தில் கறுத்த வெடிப்பு. ஆள் இல்லை. எலும்பில்லை.

"தண்ணி இப்படி அரிக்காது," என்றாள். யாரிடமும் இல்லாமல்.

இன்ஸாஃப் தேநீர்த் தட்டோடு பின்வாசலில் வந்து நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று அவருக்குத் தெரியாது. தட்டைத் தரையில் வைத்தாள். பலகையருகே போனாள். தன் கையை எடுத்து அந்த உள்ளங்கைகளில் ஒன்றின் மேல் வைத்துப் பார்த்தாள். அவள் கையை விடப் பெரியது. எடுத்தபோது அவள் விரல்களெல்லாம் பச்சை.

திரும்பினாள்.

"ஷஹாத்தா அகபாவுக்குத்தானே போனாரு?"

அவர் தலையாட்டினார்.

அவள் அவரையே பார்த்தாள். முப்பது வருடம் பார்த்த முகத்தை முதல்முறை பார்ப்பதுபோல.

குழிக்குள் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

எல்லோருக்கும் கேட்டது. அபூ ஷாகிர் பிஸ்மில்லா சொன்னார். ரவான் விளக்கை மறுபடி அடித்தாள். தரை. சுவர். வெடிப்பு. யாரும் இல்லை.

இன்ஸாஃப் மட்டும் காத்திருக்கவில்லை. விளிம்பில் மண்ணில் குப்புறப் படுத்தாள். கையை உள்ளே நீட்டினாள்.

"மகனே," என்றாள். "கையைக் கொடுப்பா. ஏறி வா."

"அம்மா, எழுந்திருங்க! கீழ யாருமில்ல!"

"கையைக் கொடு."

அவள் தோள் ஒரு துள்ளு துள்ளியது.

அலறவில்லை. கண்கள் மட்டும் விரிந்தன. "பிடிச்சிட்டாரு," என்றாள். "ரொம்பக் குளிருது."

ரவான் அவள் கால்களைப் பிடித்தாள். விளக்கு கைநழுவி உள்ளே விழுந்தது. உடையவில்லை. அடித்தரையில் கிடந்து மேல்நோக்கி எரிந்தது. குழி முழுக்க வெளிச்சம். இன்ஸாஃபின் கை அந்த வெளிச்சத்தில் தொங்கியது. அதன் கீழே ஏழு மீட்டர் வெறும் காற்று. அவள் விரல்கள் எதையோ பற்றி மடங்கியிருந்தன. மணிக்கட்டில் சதை அழுந்திக் குழிந்திருந்தது. நாலு குழி. எதிர்ப்பக்கம் ஒன்று. அழுத்தத்தில் நகங்கள் வெளுத்தன. அழுத்துகிற எதுவும் அங்கே இல்லை.

அபூ ஷாகிர் பாய்ந்து அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்தார். இழுத்தார். வரவில்லை. அவள் விளிம்பைத் தாண்டி இன்னொரு சாண் இறங்கினாள். மார்புவரை உள்ளே.

"அபூ கைஸ்! வந்து பிடிங்க! நிக்காதீங்க, வாங்க!"

அவள் கழுத்தைத் திருப்பினாள். கன்னத்தில் மண். கணவரைத் தேடினாள். கண்டுபிடித்தாள்.

"விடமாட்டேங்கிறாருங்க," என்றாள், மெதுவாக.

ஹிக்மத் ஓரடி பின்னால் வைத்தார். இன்னும் ஓரடி. அவருக்கும் அவளுக்கும் நடுவில் மூடுபனி வந்தது.